கோடை விடுமுறையும் என் ஐந்து இலக்குகளும்

ஒருவழியாக செமஸ்டர் முடிந்தது. ஜூன் மாதம் கல்லூரி திறக்கும்வரை நம்மை யாரும் அட்டெண்டன்ஸ் கேட்க மாட்டார்கள். ஆனால் வேறு ஒரு கேள்வி கேட்பார்கள். சித்தப்பா கேட்பார், எதிர்வீட்டு அத்தை கேட்பார், கல்யாணப் பந்தியில் சாம்பார் ஊற்ற வருபவர்கூட வாளியைக் கையில் வைத்துக்கொண்டே கேட்பார்: "அப்புறம் தம்பி, லீவுல என்ன பண்ணப் போற?"

நம் பி.காம். வகுப்பில் இதற்குப் பொதுவாக மூன்று விதமான பதில்கள் உண்டு.

முதல் கூட்டம் சான்றிதழ் கூட்டம். இரண்டு நாள் ஆன்லைன் பயிற்சி, ஒரு வார இன்டர்ன்ஷிப் என்று ஓடி ஓடிச் சேர்ப்பார்கள். இதில் சில இன்டர்ன்ஷிப்புகளுக்கு நாம்தான் பணம் கட்ட வேண்டும்! வேலை பார்ப்பவன் முதலாளிக்குச் சம்பளம் கொடுக்கிற இந்த அதிசயத்தை எந்தக் கணக்குத் தலைப்பில் எழுதுவது என்று நம் பாடப்புத்தகத்தில் இல்லை :-)

இரண்டாவது கூட்டம் ஷேர் மார்க்கெட் கூட்டம். "மச்சி, ரெண்டு மாசம் ஆப்ஷன் டிரேடிங் பண்ணினா மூணாவது வருஷ ஃபீஸ் வந்துடும்" என்பார்கள். இவர்களைப் பற்றிக் கீழே தனியாகப் பேச வேண்டும்.

மூன்றாவது, "சும்மா இருக்கப் போறேன்" கூட்டம். உண்மையைச் சொன்னால் மூவரில் இவர்கள்தான் நேர்மையானவர்கள்.

இவை தவிர நான்காவதாக ஒரு கூட்டமும் இருக்கிறது. அவர்களிடம் யாரும் இந்தக் கேள்வியைக் கேட்பதே இல்லை. ஜவுளிக்கடையில் காலை முதல் இரவு வரை நிற்பவர்கள், கேட்டரிங்கில் பந்தி பரிமாறப் போகிறவர்கள், டெலிவரி பையை முதுகில் மாட்டிக்கொண்டு சுற்றுகிறவர்கள். இவர்களுக்கு லீவு என்பது லீவே இல்லை, சம்பாதிக்கும் காலம். விடுமுறை இலக்கைப் பற்றி எழுதும் எவரும் இவர்களை மறந்துவிட்டு எழுதக் கூடாது என்பது என் கட்சி.

சரி, என் கருத்துக்கு வருகிறேன். விடுமுறை இலக்குக்கு இரண்டே நிபந்தனைகள் போதும். ஒன்று, ஜூன் மாதத்தில் அதை எண்ணிக் காட்ட முடிய வேண்டும். "ஆங்கிலத்தை மேம்படுத்துவேன்", "பர்சனாலிட்டி டெவலப் பண்ணுவேன்" என்பதெல்லாம் தேர்தல் வாக்குறுதி மாதிரி, நிறைவேறியதா இல்லையா என்று கடைசிவரை தெரியாது. இரண்டு, நாம் இரண்டு வருடமாகப் படித்ததை ஒரு தடவையாவது நிஜத்தில் செய்து பார்க்க வேண்டும், அதுவும் நம்மைச் சுற்றியிருக்கும் யாருக்காவது உதவுகிற மாதிரி. மருத்துவம் படிக்கிறவனிடம் தெருவே வந்து காய்ச்சலுக்கு மாத்திரை கேட்கிறது. நம்மிடம் ஏன் யாரும் கணக்குக் கேட்டு வருவதில்லை? கணக்கு இல்லாத வீடு தெருவில் ஒன்றாவது இருக்கிறதா?

முதலில் நேரக் கணக்கு. காமர்ஸ்காரன் பட்ஜெட் போடாமல் எதையும் தொடங்கக் கூடாது அல்லவா.

45 நாள் என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 1,080 மணி நேரம். தூக்கத்துக்கு நாளைக்கு 8 மணி வீதம் 360 போய்விடும். சாப்பாடு, குளியல், ரேஷன் கடை, வீட்டு வேலை எல்லாவற்றுக்கும் 4 மணி வீதம் 180. மீதி 540. செல்போனுக்கு 5 மணி வீதம் 225. (குறைத்துப் போட்டிருக்கிறேன் என்று சிரிக்காதீர்கள்.) இதெல்லாம் போக நம் கையில் மிஞ்சுவது 315 மணி நேரம். இதுதான் என் முதலீடு. இதில் 115 மணி நேரத்தை நான்கு இலக்குகளுக்கு ஒதுக்கியிருக்கிறேன். மிச்சம் 200 எதற்கு என்று ஐந்தாவதில் சொல்கிறேன்.

1. பூக்கார அக்காவின் தண்டல் கணக்கு (15 மணி நேரம்)

எங்கள் தெருமுனையில் பூ விற்கும் அக்கா ஒருவர் இருக்கிறார். பூ வாங்குகிற முதல் பெரும்பாலும் தண்டல் பணம். போன மாதம் பூ கட்டிக்கொண்டே கேட்டார்: "ஏன் தம்பி, காலேஜ்ல கணக்குதான படிக்கிற? பேங்க்ல லோன் கேட்டா என்னென்ன காகிதம் கேப்பாங்க?" விசாரித்துச் சொல்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். அதுதான் இந்த லீவின் முதல் இலக்கு.

தண்டல் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. 10,000 ரூபாய் கடன் என்று பேச்சு. கையில் கொடுப்பது 8,500. வட்டி 1,500 முதலிலேயே பிடித்தம். பிறகு தினமும் 100 ரூபாய் வீதம் 100 நாள் கட்ட வேண்டும். சாயங்காலம் வண்டியில் ஆள் வந்து வாங்கிக்கொண்டு அட்டையில் குறித்துவிட்டுப் போவார்.

மேலோட்டமாகப் பார்த்தால் 15 சதவீத வட்டி மாதிரி தெரியும். ஆனால் கொஞ்சம் யோசியுங்கள். அந்த 8,500 ரூபாய் 100 நாளும் அக்கா கையில் இருப்பதில்லை. தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பிப் போகிறது. சராசரியாகப் பார்த்தால் அவர் கையில் இருப்பது 4,300 ரூபாய் அளவுதான். அந்தப் பணத்துக்கு 100 நாளைக்கு 1,500 ரூபாய் வட்டி! வருடக் கணக்கில் மாற்றினால் எப்படிப் போட்டாலும் 120 சதவீதத்துக்குக் குறையாது. அதே 8,500 ரூபாயை வருடம் 12 சதவீத வட்டியில் வாங்கி, இதே மாதிரி 100 நாளில் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டி முடித்தால் வட்டி சுமார் 140 ரூபாய்தான். 1,500 எங்கே, 140 எங்கே!

இந்தக் கணக்குப் போட நமக்கு எந்தப் புதுப் படிப்பும் வேண்டாம். பிசினஸ் மேத்ஸில் ஆண்டுத்தொகை பாடம் நடத்தினார்களே, அது போதும். தேர்வில் ஐந்து மதிப்பெண்ணுக்கு எழுதியதோடு நாம் அதை மூட்டை கட்டிவிட்டோம்.

ஆனால் இந்தக் கணக்கைக் கொண்டுபோய் அக்காவிடம், "உங்களை ஏமாத்துறாங்க" என்று உபதேசம் செய்ய எனக்கு விருப்பமில்லை. வட்டி அதிகம் என்று அவருக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். தண்டல்காரர் ஜாமீன் கேட்பதில்லை, படிவம் கேட்பதில்லை, காலையில் சொன்னால் மத்தியானம் பணம். வங்கி அப்படியா? தமிழ்நாட்டில் கந்து வட்டித் தடைச் சட்டம் 2003லேயே வந்துவிட்டது. சட்டம் வந்த பிறகும் தண்டல் ஓடுகிறது என்றால், அந்த இடத்தை நிரப்ப வேறு எதுவும் வாசலுக்கு வரவில்லை என்றுதானே அர்த்தம்?

வழி இல்லாமலும் இல்லை. தெரு வியாபாரிகளுக்காக மத்திய அரசின் பிஎம் ஸ்வாநிதி திட்டம் 2020ல் தொடங்கியது. ஜாமீன் இல்லாமல் வங்கிக் கடன். ஒழுங்காகக் கட்டினால் 7 சதவீதம் வட்டி மானியம். முதலில் 10,000 ரூபாய் என்று இருந்த முதல் தவணையை 2025 ஆகஸ்டில் 15,000 ஆக உயர்த்தினார்கள். அதைக் கட்டி முடித்தால் அடுத்து 25,000, அப்புறம் 50,000. நகராட்சியின் தெரு வியாபாரி அடையாள அட்டையோ பரிந்துரைக் கடிதமோ வேண்டும். அக்காவுக்குத் தேவை உபதேசம் அல்ல. நகராட்சி அலுவலகத்துக்குக் கூட வர ஓர் ஆள், படிவத்தை நிரப்ப ஒரு பேனா. இரண்டும் என்னிடம் இருக்கின்றன.

எண்ணிக் காட்டும் நிபந்தனைப்படி இலக்கு: ஒரே ஒரு விண்ணப்பம், நிரப்பி, கொடுத்து, ரசீது வாங்கியிருக்க வேண்டும். கடன் கிடைப்பது என் கையில் இல்லை. ரசீது என் கையில் இருக்கிறது.

2. அப்பாவின் கடைக்கு ஒரு ஐந்தொகை (40 மணி நேரம்)

எங்கள் அப்பா சின்ன மளிகைக்கடை வைத்திருக்கிறார். அவரிடம் "கடை எப்படிப் போகுது?" என்று கேட்டால் இருபது வருடமாக ஒரே பதில்தான்: "ஓடுது." லாபமா நஷ்டமா என்பது அவருக்கே தெளிவாகத் தெரியாது. கல்லாவில் இருப்பது, கடன் நோட்டில் இருப்பது, மொத்தக்கடைக்குக் கொடுக்க வேண்டியது எல்லாம் அவர் தலைக்குள் இருக்கிறது. விற்றுமுதல் 40 லட்சத்துக்குள் என்பதால் ஜிஎஸ்டி பதிவும் கட்டாயமில்லை. ஆகவே கணக்கு காட்டு என்று அவரை யாரும் கேட்டதும் இல்லை.

இரட்டைப் பதிவு முறையை லூக்கா பாசியோலி 1494ல் வெனிஸில் அச்சிட்ட புத்தகத்தில் விளக்கி எழுதினார் என்று முதல் வகுப்பிலேயே மனப்பாடம் செய்தோம். ஐந்நூறு வருடம் தாண்டியும் அது எங்கள் கடைக்குள் நுழையவில்லை. நான் நுழைக்கப் போகிறேன். தினமும் ராத்திரி கடை சாத்தும்போது ஒரு மணி நேரம், 40 நாள். ரொக்க ஏடு, பேரேடு, கடைசி நாளில் சரக்கிருப்பு எண்ணி ஒரு லாப நட்டக் கணக்கு, ஒரு ஐந்தொகை.

இதில் எனக்கு ரொம்ப ஆர்வம் தருவது "எடுப்புகள்" என்ற தலைப்பு. பாடத்தில் ஒரே ஒரு வரியில் வரும்: உரிமையாளர் சொந்த உபயோகத்துக்கு எடுத்த சரக்கு. எங்கள் வீட்டில் துவரம்பருப்பு, சோப்பு, எண்ணெய் எல்லாம் கடையிலிருந்துதான் வரும். அம்மா பை கொண்டுபோவார், நிரப்பி வருவார், எழுதுவது கிடையாது. அதை எழுதினால்தான் கடை எங்களுக்கு உண்மையில் எவ்வளவு தருகிறது என்று தெரியும். இன்னொன்று அப்பாவின் உழைப்பு. காலை ஆறு மணி முதல் ராத்திரி பத்து வரை கல்லாவில் உட்காருகிறாரே, அதற்குச் சம்பளம் என்று எந்தக் கணக்கிலும் வராது. வேறு கடையில் இதே வேலை பார்த்தால் என்ன கிடைக்கும் என்பதைக் கழித்துப் பார்க்க வேண்டும். வாய்ப்புச் செலவு என்று பொருளாதாரத்தில் படித்தோமே, அது இதுதான்.

இது வெறும் விளையாட்டு இல்லை. பக்கத்துச் சாலையில் சூப்பர் மார்க்கெட் வந்துவிட்டது. பால், கூல்டிரிங்ஸ் வைக்கப் பெரிய ஃப்ரிட்ஜ் வாங்கலாமா, அதற்குக் கடன் வாங்கலாமா என்று வீட்டில் தினமும் பேச்சு நடக்கிறது. அப்பா வாங்கலாம் என்கிறார், அம்மா வேண்டாம் என்கிறார். இரண்டு பேரிடமும் எண் இல்லை, குரல்தான் இருக்கிறது. ஜூன் மாதம் அந்தப் பேச்சு நடக்கும்போது மேசை மேல் ஒரு தாள் இருக்க வேண்டும். அந்தத் தாள் "கடையை மூடு" என்று சொன்னாலும் சரி. அப்பாவிடம் அதைக் காட்டுவதற்கு எனக்குக் கொஞ்சம் பயம்தான். ஆனாலும் தெரியாமல் கடன் வாங்குவதைவிடத் தெரிந்து வருத்தப்படுவது மேல் இல்லையா?

3. ஒரே ஒரு ஆண்டறிக்கை, முழுதாக (20 மணி நேரம்)

இப்போது ஷேர் மார்க்கெட் நண்பர்களே, உங்களிடம் வருகிறேன். கோபப்படாமல் படியுங்கள்.

செபி 2024 செப்டம்பரில் ஓர் ஆய்வு வெளியிட்டது. 2021-22 முதல் 2023-24 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் பங்குச் சந்தையின் ஃப்யூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் பிரிவில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேருக்கு நஷ்டம். நஷ்டம் தலைக்குச் சராசரியாக 2 லட்சம் ரூபாய் அளவு. எல்லோருடையதையும் கூட்டினால் 1.8 லட்சம் கோடிக்கு மேல். இதில் நம்மைக் குத்துகிற எண் இன்னொன்று இருக்கிறது. 30 வயதுக்குக் கீழே உள்ளவர்களின் பங்கு ஒரே வருடத்தில் 31 சதவீதத்திலிருந்து 43 சதவீதமாக ஏறியிருக்கிறது. அதாவது நம் வயசுக்காரர்கள்.

நம் தேர்வில் 100 பேர் எழுதி 93 பேர் ஃபெயில் ஆனால், அந்தப் பாடத்தை யாராவது விருப்பப் பாடமாக எடுப்போமா? அதுவும் ஜவுளிக்கடையில் நின்று சம்பாதித்த காசைக் கட்டி?

பங்குச் சந்தையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதை முப்பது விநாடி வீடியோவில் கற்க வேண்டாம் என்கிறேன். என் இலக்கு எளிமையானது. நமக்குத் தெரிந்த, தினமும் பயன்படுத்துகிற பொருளைத் தயாரிக்கும் ஒரு பட்டியலிட்ட நிறுவனத்தின் ஆண்டறிக்கையைத் தரவிறக்கம் செய்து முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை படிப்பது. காசு செலவில்லை, நிறுவனங்களின் இணையதளத்திலேயே இலவசமாகக் கிடைக்கிறது. சிரித்துக்கொண்டிருக்கும் தலைவரின் படத்தைத் தாண்டி, தணிக்கையாளர் அறிக்கையையும் பின்னால் பொடி எழுத்தில் இருக்கும் குறிப்புகளையும் படிக்க வேண்டும். விஷயம் இருப்பது அங்கேதான்.

2009 ஜனவரி 7 அன்று சத்யம் நிறுவனத் தலைவர் எழுதிய கடிதம் வெளியானபோது, ஐந்தொகையில் அச்சாகியிருந்த ரொக்க, வங்கி இருப்பில் 5,000 கோடிக்கு மேல் இல்லவே இல்லை என்று தெரியவந்தது. அச்சில் இருக்கிறது என்பதால் எண் உண்மையாகிவிடாது. அதைச் சந்தேகப்படக் கற்றுக்கொள்வதுதான் நம் படிப்பு.

4. டைப்ரைட்டிங் (40 மணி நேரம்)

இதைக் கேட்டுச் சிரிப்பவர்கள் சிரியுங்கள். காலை ஏழு மணி பேட்ச். அதே பழைய இயந்திரம், அதே "ஏ எஸ் டி எஃப் ஜி". அரசுத் தொழில்நுட்பத் தேர்வில் இளநிலைக்கு நிமிடத்துக்கு 30 சொல், முதுநிலைக்கு 45 சொல். டிஎன்பிஎஸ்சி குரூப் 4ல் தட்டச்சர் பதவிக்கு இந்தச் சான்றிதழ் வேண்டும். சான்றிதழ் சேர்ப்பவர்களைக் கிண்டல் செய்துவிட்டு நீயே சான்றிதழுக்கு அலைகிறாயே என்று கேட்கலாம். வித்தியாசம் இருக்கிறது. இங்கே விரல் வேகம் வராமல் தாள் வராது. காசு கொடுத்தால் மட்டும் கிடைக்காத சான்றிதழ் எதுவானாலும் எனக்குச் சம்மதமே.

5. சும்மா இருத்தல் (200 மணி நேரம்)

ஆமாம், இதுவும் இலக்குதான். பெரிய ஒதுக்கீடு இதற்குத்தான்!

மே 4 முதல் அக்னி நட்சத்திரம். அந்த வெயிலில் மத்தியானம் இரண்டு மணிக்குத் தன்னை மேம்படுத்திக்கொள்பவன் மனிதனே இல்லை. பாட்டி ஊருக்குப் போக வேண்டும். நுங்கு சாப்பிட வேண்டும். கோயில் கொடையில் ராத்திரி முழுக்க விழித்திருக்க வேண்டும். முக்கியமாக, பாட்டியிடம் பேச வேண்டும். அடுத்த லீவு வரும், ஆனால் மூன்றாம் வருடம் முடிந்தால் வேலை, தேர்வு, அலைச்சல் என்று போய்விடும். இப்படி ஒரு லீவு நமக்கு வாழ்க்கையில் இனி எத்தனை முறை கிடைக்கும் என்று எண்ணிப் பாருங்கள். ஒரு நிமிடத்தைக்கூட வீணாக்காதே என்று சொல்லும் வீடியோக்களைப் பார்த்தே பல மணி நேரம் வீணாகிறது என்பது வேறு கதை.

இப்போது ஒரு நியாயமான எதிர்க்கேள்வி. "உனக்குக் கடை இருக்கு, சாப்பாட்டுக்குக் கவலையில்ல, இலக்கு வைக்கிற. நான் 45 நாளும் வேலைக்குப் போறேன், எனக்கு என்ன சொல்ற?" வேலைக்குப் போகிற நண்பர்களுக்கு இன்னொரு பட்டியலைத் தூக்கிக் கொடுக்கும் தகுதி எனக்கில்லை. நீங்கள் செய்வதே நம் வகுப்பில் எல்லோரும் செய்வதைவிடப் பெரியது. ஒன்று மட்டும் கேட்கிறேன். சம்பளத்தை மணிக் கணக்கில் வகுத்துப் பாருங்கள். ஒரு பேச்சுக்கு, நாளைக்கு 500 ரூபாய், 11 மணி நேரம் நிற்கிறீர்கள் என்றால் மணிக்கு 45 ரூபாய் சொச்சம். இந்த எண் கையில் இருந்தால் அடுத்த லீவில் எந்த வேலைக்குப் போவது, எதற்கு மாட்டேன் என்று சொல்வது என்பது கொஞ்சம் தெளிவாகும். அத்தோடு, கடையில் நீங்கள் பார்க்கிற சரக்கு வரவு, தள்ளுபடி, கமிஷன் எல்லாம் நம் பாடத்தில் வருகிறவைதான். கல்லூரி கேட்கிற இன்டர்ன்ஷிப் சான்றிதழை எனக்குக் கொடுக்கிற அதிகாரம் இருந்தால் முதலில் உங்களுக்குத்தான் கொடுப்பேன்.

இந்த ஐந்தும் நடந்துவிடும் என்று சத்தியம் செய்ய மாட்டேன். பட்ஜெட் என்றாலே திட்டமிட்டதுக்கும் நடந்ததுக்கும் வித்தியாசம் வரும், அதற்கென்றே தனி அத்தியாயம் வைத்திருக்கிறார்களே. ஆனால் ஐந்தில் ஒன்றுதான் முடியும் என்று நிலைமை வந்தால் எதை வைத்துக்கொள்வேன் என்று முடிவு செய்துவிட்டேன். பூக்கார அக்காவின் விண்ணப்பம். மற்ற நான்கும் தள்ளிப்போனால் நஷ்டம் எனக்கு. அது தள்ளிப்போனால் தினமும் 100 ரூபாய் கட்டுவது அவர்.

உங்கள் தெருவிலும் ஓர் அக்கா இருப்பார், ஒரு டீக்கடை அண்ணன் இருப்பார். அவர்கள் வட்டி என்னவென்று ஒரு தடவை கணக்குப் போட்டுப் பாருங்களேன். வகுப்பில் தூங்கிக்கொண்டே கேட்ட பாடம் திடீரென்று முழித்துக்கொள்ளும்.

சரி, உங்கள் பட்டியல் என்ன? எண்ணிக் காட்டக்கூடியதாக ஒன்றே ஒன்று சொல்லுங்கள் பார்ப்போம்.